பேன் பிடித்த பங்குனி

போன மாதம் படப்பையில் ஒரு வளைகாப்பு வீட்டில் பழைய பள்ளித் தோழிகள் நாம் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம், ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டு முடிக்கும்வரை பேச்செல்லாம் தலைமுடியைப் பற்றித்தான். ஒருத்திக்கு வகிடு அகன்றுகொண்டே போகிறது. இன்னொருத்தி வெங்காயச் சாறு தடவிப் பார்த்து அலுத்துவிட்டாள். போர் தண்ணீரில் குளித்தால் வேறு எப்படி இருக்கும் என்றீர்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "உனுக்கு மட்டும் எப்டிடி இன்னும் இவ்ளோ முடி கீது? இன்னாத்த தடவுற?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு மோரை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் தடவுவதில்லை என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டீர்கள். ஏன் தடவுவதில்லை என்பது வளைகாப்புப் பந்தியில் சொல்லக்கூடியதும் அல்ல.

என் தங்கையை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நாம் ஐந்தாவது படித்தபோது அவள் இரண்டாவது. ஒல்லிக்குச்சி உடம்பு. அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத முடி. ரெட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினாலும் இடுப்பில் வந்து இடிக்கும். அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாளானால் நுனி தரையில் புரளும். பிரேயரில் அவளுக்குப் பின்னால் நிற்கிற பையன் அதை ஒரு தடவையாவது இழுத்துப் பார்க்காமல் இருந்ததில்லை. அவளும் திரும்பி அவன் காலை மிதிக்காமல் இருந்ததில்லை.

அப்பாவுக்கு அந்த முடி பெரிய பெருமை. குலதெய்வத்துக்கு ஒரே ஒரு மொட்டை போட்டதோடு சரி, அதற்கப்புறம் நுனிகூட வெட்ட விடவில்லை. "பொம்பளப் புள்ள முடில கத்திரி பட்டா வூட்டுக்கு ஆவாது" என்பார். எனக்கும் நீள முடிதான். ஆனால் என் முடியைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த முடியைச் சுத்தமாக வைத்திருப்பது அம்மாவின் வேலை. சேரப்பணஞ்சேரியைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஒரு மோட்டார் கொட்டகை. வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேரையும் அங்கே ஓட்டிக்கொண்டு போவாள். எண்ணெய் காய்ந்த தலையில் சீயக்காயைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பாள். அன்பான கை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நகம் மண்டையில் கீறும், கண் எரியும், தங்கை போடும் கூச்சல் ரோடுவரை கேட்கும். ஆனால் தொட்டியில் தடதடவென்று விழும் தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தால் ஒரு பொடி, ஒரு பிசுக்கு நிற்காது. அந்தத் தண்ணீரின் ருசிகூட எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் பாசி.

பிறகு அந்த நிலம் கம்பெனிக்குப் போனது. அப்பா வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மழையைப் பார்த்துப் பார்த்துப் பயிர் வைத்து அவருக்குச் சலித்துப் போயிருந்தது. பைக் வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம்கள் கட்டி, கம்பெனிகளில் வேலைக்கு வந்த பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். தானே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகவும் சேர்ந்தார். நிலத்தில் இருந்த சாமான்கள், மண்வெட்டி, மருந்து அடிக்கிற ஸ்பிரேயர், மிச்சம் இருந்த மருந்து பாட்டில்கள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வீட்டுப் பரண்மேல் ஏறின.

அம்மாவும் வேலைக்குப் போனாள். கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டும் கம்பெனி. தலைமுடி வெளியே தெரியாமல் வெள்ளைத் துணிக் குல்லாய் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வேலை. ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மதிய ஷிப்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமையில் பாதிக்குப் பாதி அவளுக்கு ஓவர்டைம் இருக்கும். மோட்டார் கொட்டகையும் இல்லை. வீட்டு வாசலில் இருந்த அடிபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். அதில் சீயக்காய் போட்டால் போகாமல் முடியிலேயே மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பாக்கெட் ஷாம்புவும் நுரைக்காது. தங்கையின் முடி அலசி முடிக்க எத்தனை பக்கெட் அடிக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்குத் தோள் வலிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கடைசி ரூமுக்கு ஓர் அக்கா வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. பக்கத்தில் வேறொரு கம்பெனியில் வேலை. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் பண்ணியிருந்தார்கள். கல்யாணத்துக்குள் கொஞ்சம் நகை சேர்க்கலாம் என்று வந்தவள். அவளுக்கும் தொடையைத் தொடுகிற முடி. அதனால்தானோ என்னவோ தங்கையைப் பார்த்தவுடனே பிடித்துப் போய்விட்டது.

"ஏ புள்ள, இங்க வா தாயி. இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு இப்படிப் பரட்டையா திரியுத?" என்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சிக்கெடுப்பாள். நுனியிலிருந்து மேலே மேலே வருவாள். வலிக்கவே வலிக்காது. கறிவேப்பிலையும் செம்பருத்தி இலையும் போட்டு ஸ்டவ்வில் எண்ணெய் காய்ச்சி எங்கள் இருவருக்கும் தடவுவாள். பச்சை நெடியும் லேசாகக் கருகின வாசனையும் சேர்ந்து அடிக்கும் அந்த எண்ணெய். அம்மா ஷிப்டு முடிந்து வந்து எங்கள் சடையைப் பார்ப்பாள். "யாரு, கடசி ரூமா?" என்று மட்டும் கேட்பாள். நன்றாகப் பின்னியிருக்கிறாளே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தன் வேலையை இன்னொருத்தி செய்கிறாள் என்ற உறுத்தல் அது என்று இப்போது புரிகிறது.

மாசியில் பேன் வந்தது. எங்கிருந்து என்று யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு இருந்தது, உங்களுக்கும் இருந்தது. நீங்கள் முடியை வெட்டிக்கொண்டீர்கள், அதோடு போயிற்று. தங்கையின் அடர்த்தியான ஈர முடிக்குள் அது குடும்பம் நடத்தியது. கடைசி ரூம் அக்கா நேரம் கிடைத்தபோதெல்லாம் வேப்பெண்ணெய் வைத்து, பேன் சீப்பு போட்டு வாரினாள். வெள்ளைத் துணியில் கறுப்பாகக் கொட்டும். தங்கை அவற்றை நகத்தில் வைத்து நசுக்கி, அந்த 'டப்' சத்தத்துக்குச் சிரிப்பாள். ஆனால் அக்காவுக்கும் ஷிப்டு மாறி மாறி வரும். அவள் இல்லாத வாரத்தில் ஈர் மறுபடியும் பொரித்துவிடும். தங்கை இரண்டு கையாலும் சொறிந்தாள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சொறிந்த இடமெல்லாம் புண்ணாகிப் பொருக்கு கட்டியது. முடி மூடியிருந்ததால் வெளியே தெரியாது.

பங்குனி பிறந்ததும் டீச்சர் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"பக்கத்துல எந்தப் பிள்ளையும் உக்கார மாட்டேங்குதும்மா. ஒண்ணு, பேன் ஒழிச்சுட்டு அனுப்புங்க. இல்லன்னா முடிய வெட்டிட்டு அனுப்புங்க. திங்கக்கிழமை இப்பிடியே வந்தா நான் கிளாஸ்ல சேக்க மாட்டேன்."

டீச்சர் போனதும் அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வெட்டி வுட்டுடலாமா? கழுத்து வரிக்கும். வளந்துக்கும்."

"வெட்டறதப் பத்திப் பேசாத. வூட்டுல கீற பொம்பளைங்க ஒழுங்கா வாரி வுட்டா பேன் ஏன் வருது?" என்றார் அப்பா. பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த அம்மாவின் கால் அப்போது வீங்கியிருந்தது. நான்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் தலையிலிருந்து அம்மா தலைக்கும் ஏறியிருந்தது. அதே வாரத்தில் லைனில் நின்றுகொண்டிருந்தபோது அவளுடைய வெள்ளைக் குல்லாயின்மேல் ஒரு பேன் ஊர்ந்திருக்கிறது. சூப்பர்வைசர், சின்னப் பையன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது கம்பெனியா, மாட்டுக் கொட்டகையா? இன்னொரு வாட்டி பாத்தேன், கேட்டுக்கு வெளியத்தான்" என்று சொன்னானாம். சுற்றிலும் சிரித்தார்களாம். அம்மா பல வருடம் கழித்துத்தான் இதை எனக்குச் சொன்னாள்.

அன்றைக்குக் கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "பயிருக்கு அடிக்கிற மருந்து வூட்டுல கீதா? துளி தண்ணில வுட்டுத் தலையில தேச்சிகினு துணி கட்டிக்க. ஒரே நாள். ஈர் வரிக்கும் செத்துப் பூடும். நாங்கல்லாம் போட்டுகினுதான் கீறோம், இன்னா ஆயிட்டுது?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் குழந்தை தலையில் வைத்துவிடவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் தன் தலையில்தான் வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் தலைவலி இருந்தது, சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். பேன் அத்தனையும் செத்துக் கொட்டியது. அம்மாவின் மண்டையில் புண் இல்லை. அம்மா பெரிய உடம்பு. அந்த வித்தியாசத்தை அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம். அப்பா மணிமங்கலத்தில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தார். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா பரணிலிருந்து அந்தச் சாக்கை இறக்கினாள். எங்களை வாசலில் வெயிலில் உட்கார வைத்தாள். தங்கைக்குத்தான் அதிகம் என்பதால் அவளுக்கு முதலில். என்னைச் சடையைப் பிரித்துக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னாள்.

தேய்க்க ஆரம்பித்ததுமே தங்கை துள்ளினாள். "எரியுதும்மா! எரியுதும்மா!"

"எரிஞ்சாத்தான் பேன் சாவும். கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு. நாளிக்கு யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கண்ணு என்றாள். அம்மா அப்படியெல்லாம் கூப்பிடுகிறவள் இல்லை. பழைய துண்டால் தலையை இறுக்கிக் கட்டிவிட்டு, அடுப்பில் இருந்த சோற்றை வடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.

நான் என் சடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, வாயில தண்ணி வந்துகினே கீது" என்றாள். துப்பினாள். மறுபடியும் துப்பினாள். நெற்றியும் கழுத்தும் வேர்த்து ஊற்றியது. வெயில் என்று நினைத்தேன். பிறகு வாந்தி எடுத்தாள். அம்மா ஓடி வந்து துடைத்துவிட்டு, வெறும் வயிறு, பித்தம் என்று சொல்லி நிழலுக்குத் தூக்கிப்போனாள். தங்கையின் கன்னத்தில் சதை தானாகத் துடித்தது. பார்க்க வேடிக்கையாகவும் பயமாகவும் இருந்தது.

காலை ஷிப்டு முடிந்து கடைசி ரூம் அக்கா அப்போதுதான் வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன வாடை இது? அக்கா, புள்ள தலையில என்னத்த வச்சீக?"

"பேனுக்கு மருந்தும்மா. நானும் வெச்சிகினேன், ஒண்ணும் ஆவல."

அக்கா துண்டைப் பிடித்து இழுத்தாள். முகர்ந்து பார்த்தாள். "அய்யய்யோ, இது பருத்திக்கு அடிக்கிற மருந்துக்கா! இதக் குடிச்சு எங்கூர்ல எத்தன பேரு... எந்திரிங்க! தண்ணி அடி புள்ள, தண்ணி அடி!"

தங்கையைத் தூக்கிக்கொண்டுபோய் அடிபம்புக்குக் கீழே போட்டாள். நான் அடித்தேன். பாதி பிரிந்த சடை என் முகத்தில் விழுந்து விழுந்து மறைத்தது. அக்கா துணி சோப்பை எடுத்து அந்த முடியைத் தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள். முடியை விலக்கியபோது பிடரிப் புண்களைப் பார்த்துவிட்டு ஒரு விநாடி கை நின்றது. அவ்வளவு நீள முடியில் மருந்து எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? அலச அலச அந்த நெடி வந்துகொண்டே இருந்தது. அம்மா பக்கத்தில் நின்று, "ஒண்ணும் ஆவல... எனுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா வந்து சேர்ந்தபோது தங்கைக்கு மூச்சு கொரகொரவென்று இழுத்தது. பைக்கில் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா ஓடிப்போய் மருந்து பாட்டிலை எடுத்து வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"டாக்டர்கிட்ட இதக் காட்டுங்கண்ணே. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் சரியா ஊசி போடுவாக. மறக்காமக் காட்டுங்க."

அப்பா வாங்கினார். பாட்டிலைப் பார்த்தார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதை மதில்மேல் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவும் பார்த்தாள். "அண்ணே! அண்ணே!" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ரோடுவரை ஓடியது ஒன்றுக்கும் ஆகவில்லை.

அவர்கள் போன இடத்தில் நடந்ததை அம்மா பிற்காலத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படப்பை போகிற வழியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் பூச்சி மருந்து ஏதாவது இருக்கிறதா, குழந்தை எடுத்துக் குடித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அப்பா இல்லை என்றார். வெயிலில் விளையாடினாள், வாந்தி எடுத்தாள், வலிப்பு வந்துவிட்டது என்றார். டாக்டர் மறுபடி கேட்டாராம். அப்பா மறுபடி இல்லை என்றார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி ஒரு வேனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். பாதி வழியில் அம்மாவின் மடி நனைந்தது. அதோடு தங்கையின் துடிப்பு நின்றது. அப்பா வேனைத் திருப்பச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுப்பார்கள், போலீஸ் வரும், பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவருக்குத் தெரிந்த உலகம் அது. ஒரு மகளைப் பறிகொடுத்த அந்த நிமிடத்தில் அவர் அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்.

சாயங்காலம் வாசலில் பெஞ்சு போட்டு அவளைக் கிடத்தினார்கள். தெருப் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். முடியைப் பெஞ்சுக்கு வெளியே தொங்கவிட்டு ஊற்றியபோது செத்த பேன்கள் தண்ணீரோடு சேர்ந்து மண்ணில் வரி வரியாக ஓடின. ஒன்றுகூட மிச்சமில்லை. துவட்டிக் காயவைத்து, ரெட்டைச் சடை பின்னி, மல்லிகைப் பூ வைத்தார்கள். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு பளபளப்பாக அந்த முடியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

சாவு வீட்டில் கேள்வி வராமல் இருக்குமா? நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்றார்கள். யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள். "அந்தக் கடசி ரூம் பொண்ணு எத்தையோ காச்சி காச்சித் தலையில தடவிகினு இருந்துச்சே. இன்னா எலையோ, இன்னா எழவோ. அது மூளைக்கு எறங்கிகீது." இன்னொருத்தி, அந்தப் பெண் குழந்தையைத் தண்ணீரில் போட்டு முக்கினதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அப்பாவிடம் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரில... இருக்கும்" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விழுந்தது என்று பிறகு சொன்னாள்.

நான் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தையிடம், "அம்மாதான் மருந்து வெச்சா, அக்கா கழுவித்தான் வுட்டுச்சு" என்று சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தி, "பெத்தவளப் பத்தி அப்டிலாம் சொல்லக்கூடாது, சாமி கண்ணக் குத்தும்" என்றாள். துக்கம் கேட்க வந்த டீச்சரிடமும் சொன்னேன். அவர் அழுதார். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவ ஜெயில்ல போட்டுடுவாங்க. உனுக்கு அம்மா வேணுமா வேணாவா?" என்று கேட்டார். எனக்கு அம்மா வேண்டியிருந்தது.

கடைசி ரூம் அக்காவை மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு, தெருவே பார்த்துக்கொண்டிருக்கப் போனாள். அவளுடைய டிரங்குப் பெட்டி ரூமிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு என் தலையை யாரும் தொடவில்லை. அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். ஒரு தடவை கையை என் தலைவரை கொண்டு வந்து, சூடு பட்டது போல இழுத்துக்கொண்டாள். எனக்கு நானே வாரிக்கொள்ளத் தெரியவில்லை. மேல் முடியை மட்டும் நீவி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வேன். உள்ளே முடி திரண்டு திரண்டு கெட்டியாகிவிட்டது. கோடை விடுமுறையில் வேர்வையும் தூசியும் சேர்ந்து பிடரியில் தேங்காய் நார் மாதிரி ஒரு கட்டி. படுத்தால் குத்தும்.

அக்கா பெட்டியை எடுக்க ஒரு நாள் முற்பகலில் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வாசலில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது என்ன தாயி தலை? யாரும் பாக்கலையா?"

நான் அழுதேன். அவள் அங்கேயே, பம்பு மேடையிலேயே உட்கார்ந்து, என்னை முன்னால் உட்கார வைத்து, தன் பையிலிருந்து சீப்பை எடுத்து நுனியிலிருந்து ஆரம்பித்தாள்.

குடத்தை இறக்கிவிட்டு ஒரு பெண் வந்தாள். "யம்மாடி, ஒண்ணத் தூக்கிக் குடுத்தது போதாதா? இதையும் தலையப் புடிச்சிகினு உக்காந்துட்டியா? கைய எடு!"

அக்கா சீப்பை நிறுத்தினாள். கையை எடுக்கவில்லை. "சொல்லுங்கக்கா. எல்லாரும் சொல்லியாச்சு. கம்பெனி ஹாஸ்டல்ல எங்கூடப் படுக்க மாட்டேங்காளுக. எங்கூர்ப் புள்ளைக ரெண்டு பேரு ஊருக்கே போயி சொல்லிட்டாளுக. பிள்ளயக் கொன்னவ எங்க வீட்டுக்கு வேண்டாம்னு மாப்பிள்ள வீட்ல நிப்பாட்டிட்டாக. இன்னிக்கி ஊருக்குத்தான் போறேன். இந்தச் சிக்க எடுத்துட்டுப் போறேன். அது வரைக்கும் நிக்கவா, கூடாதா?"

வீட்டுக் கதவு சத்தம் கேட்டது. அம்மா வாசலில் நின்றாள். மதிய ஷிப்டுக்குக் கிளம்பி, கம்பெனி அட்டையை மாட்டியிருந்தாள். படியிறங்கி வந்தாள்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "என் பொண்ணு தலையில பூச்சி மருந்து வெச்சவ நான். பேனுக்குன்னு நான்தான் வெச்சேன். இது வந்து கழுவிச்சு. பாட்டில எடுத்துகினு ரோடு வரிக்கும் ஓடிச்சு. நாங்கதான் மறச்சிட்டோம்."

அப்பா உள்ளேயிருந்து வந்து, "ஏய், உள்ள போடி" என்று அவள் கையைப் பிடித்தார். அம்மா அவரைத் தள்ளவில்லை, திட்டவில்லை. கையை மட்டும் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"யாருக்குச் சொல்லணுமோ சொல்லுங்க. போலீசு வர்றதுன்னா வரட்டும்" என்றாள் பெண்களைப் பார்த்து. அக்காவிடம் திரும்பினாள். "எந்த பஸ்ஸு? நானும் வரேன். உங்க ஊர்ல, அந்த மாப்ள வூட்டுல வந்து நானே சொல்றேன்."

அக்கா நம்பாமல் பார்த்தாள்.

"அக்கா, நெசமாவா?"

"நெசமாத்தான்."

அன்றைக்கு ஷிப்டுக்குப் போகாமல், கம்பெனிக்குச் சொல்லாமல், காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்திராத என் அம்மா ஒரு மாற்றுப் புடவையோடு சாத்தூருக்குப் போனாள். அவளுக்கு அந்த வேலை அதோடு போயிற்று. போலீஸ் வரவில்லை. யாரும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் அப்பா அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் ஆக்கின சோற்றைச் சாப்பிடவில்லை. அவளைக் காப்பாற்றப் பொய் சொன்னவருக்கு அவள் உண்மை சொன்னதை மன்னிக்கத் தெரியவில்லை.

அம்மா திரும்பி வந்தபோது புடவையெல்லாம் செம்மண் புழுதி. கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன். தெருவுல நிக்க வெச்சுத்தான் கேட்டாங்க. அல்லாருக்கும் முன்னாடி சொன்னேன்."

"மாப்ள வூட்டுல ஒத்துகினாங்களா?"

"பதிலு சொல்லல. கேட்டுகினாங்க."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தப் பொண்ணோட அம்மா கீதே, அது என்னை உள்ள கூப்ட்டு, எல போட்டு, சோறு வெச்சிச்சிடி. என்னால துன்ன முடியல."